62 மி.மீ. போர் (துளை): எங்கள் பட்டறையில் சரி, கஸ்டமரிடம் ரிஜெக்ட். எந்தக் கேஜ் வாங்குவது?

கணபதி லேத் கேட்டது:

வணக்கம். கோவை கணபதியில் இரண்டு சி.என்.சி. டர்னிங் மெஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். அப்பா ஒரு பழைய லேத்தோடு தொடங்கியது. நான் பொறுப்பெடுத்து மூன்று வருடம் ஆகிறது.

வேலை இதுதான்: அலுமினிய டை காஸ்ட் மோட்டார் எண்ட் கவர். அதில் 6206 பேரிங் உட்காரும் போர், 62 எச்7. அதாவது 62.000 முதல் 62.030 வரை போகலாம். பேரிங் லூசாக இருந்தால் உள்ளே சுற்றுகிறது என்று கஸ்டமர் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதனால் நாங்கள் 62.000-க்கும் 62.015-க்கும் நடுவில் வைத்து ஓட்டுகிறோம். அளப்பது 0.01 போர் டயல், துளைக்குள் விட்டு விட்டம் பார்க்கும் கேஜ்; அதன் ஒரு கோடு 0.01 மி.மீ. 50–75 மி.மீ. மைக்ரோமீட்டரை 62.00-ல் லாக் செய்து, அதற்குள் போர் டயலை ஆட்டி ஜீரோ வைப்போம். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

போன வாரம் 200 பீஸ் அனுப்பினோம். 38 திரும்பி வந்தது. கூட வந்த சீட்டில் 61.994, 61.996, 61.998 என்று எழுதியிருக்கிறார்கள். வந்த அன்று மதியமே அந்த 38 பீஸையும் நானே உட்கார்ந்து அளந்தேன். முள் ஜீரோவைத் தாண்டி அரைக் கோட்டில் நிற்கிறது, சிலவற்றில் ஒரு கோடு. 62.005, 62.010 என்று வருகிறது. ஒன்றுகூட 62-க்குக் கீழே இல்லை. நாங்கள் பார்க்காமல் அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது எனக்கு மனதைக் குடைகிறது. எங்கள் ஆபரேட்டர் எட்டு வருடமாக இருக்கிறார், ஒவ்வொரு பீஸையும் அளந்துதான் டிரேயில் வைப்பார்.

டீலரிடம் கேட்டேன். 0.001 டிஜிட்டல் போர் கேஜ் வாங்குங்கள், இல்லையென்றால் மூன்று புள்ளி இன்சைட் மைக்ரோமீட்டர் வாங்குங்கள் என்கிறார். இரண்டுமே எங்களுக்குப் பெரிய பணம். வாங்கினால் ஒன்றுதான் முடியும். எதை வாங்க?

திருமுடிவாக்கம் டர்னிங்:

பாஸ், எதற்கு இவ்வளவு யோசனை? 62 எச்7-க்கு ஒரு கோ–நோகோ பிளக் கேஜ் செய்து வாங்கிவிடுங்கள். கோ பக்கம் உள்ளே போக வேண்டும், நோகோ போகக்கூடாது. ஆபரேட்டர் எண்ணைப் படிக்கவே வேண்டாம். எங்களுக்கு வார்ப்பிரும்பு வேலைதான் அதிகம், எல்லாவற்றுக்கும் பிளக்தான். ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பழைய டூல்ரூம்:

தம்பி, எந்தக் கேஜையும் இப்போது வாங்காதீங்க. ஒரு வாரம் பொறுங்க.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டூல்ரூமில் 31 வருடம் இருந்தேன். அதில் கடைசி 14 வருடம் இன்ஸ்பெக்ஷன் ரூம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: நீங்கள் அளந்தது மதியம். கஸ்டமர் அளந்தது எங்கே? ஏ.சி. போட்ட இன்ஸ்பெக்ஷன் ரூமாக இருந்தால், உங்கள் டயல் காட்டியதும் சரி, அவர்கள் சீட்டில் எழுதியதும் சரி.

கணக்கைப் பாருங்க. டிராயிங்கில் எழுதியிருக்கும் எந்த அளவுக்கும், வேறு எதுவும் சொல்லாவிட்டால், 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அளவு என்றுதான் அர்த்தம். 1931-ல் உலக அளவில் முடிவான விஷயம் இது. பின்னால் ஐ.எஸ்.ஓ. அமைப்பு வந்தபோது அதன் முதல் எண் கொண்ட தரமாகவே இதைத்தான் வைத்தார்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) நீளும். அலுமினியம் 23 மைக்ரான், கிட்டத்தட்ட இரட்டிப்பு. டை காஸ்ட் கலவைக்கு 21 என்றும் போடுவார்கள். கணக்குக்கு 23-ஐயே வைத்துக்கொள்வோம்.

உங்கள் பட்டறை மதியம் 35 டிகிரி இருக்கும். 20-லிருந்து 15 டிகிரி மேலே. 62 மி.மீ. அலுமினிய போர் அதில் 21 மைக்ரான் பெரிதாகியிருக்கும். உங்கள் மைக்ரோமீட்டரும் போர் டயலும் எஃகு, அவை அதே நேரம் 11 மைக்ரான் நீண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10, 11 மைக்ரான். உங்கள் டயலில் அது ஒரு முழுக் கோடு. கஸ்டமர் 61.996 என்று எழுதிய பீஸ் உங்கள் கையில் 62.006, 62.007 காட்ட வேண்டும். நீங்கள் பார்த்ததும் அதுதானே?

திருமுடிவாக்கம் நண்பர் சொன்ன பிளக் கேஜும் எஃகுதான். சூடான அலுமினியத்துக்குள் அது தாராளமாகப் போகும். அந்த பீஸ் ஏ.சி. ரூமுக்குப் போனதும் போகாது. அவருக்குத் தொந்தரவு வராததற்குக் காரணம் வார்ப்பிரும்பு. அது எஃகோடு ஏறக்குறைய சேர்ந்தே நீளும், சேர்ந்தே சுருங்கும்.

இதை நான் கணக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த புதிதில், வெண்கல புஷ் ஒரு லாட், வெளிவிட்டம் 80 மி.மீ. நைட் ஷிப்டில் முதல் பீஸை மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு கொண்டு வந்தார்கள். மைக்ரோமீட்டரில் கீழ் எல்லைக்கு ஒட்டி நின்றது. ஓகே போட்டுக் கையெழுத்து வைத்தேன். மெஷினிஸ்ட் அதே ஆஃப்செட்டில் 46 பீஸ் ஓட்டிவிட்டார். காலையில் பார்த்தால் அத்தனையும் 0.012 குறைவு. வெண்கலம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 18 மைக்ரான். 80 மி.மீ.-க்கு, பீஸ் ரூமைவிட பத்து டிகிரி சூடாக இருந்தாலே 14 மைக்ரான் வந்துவிடும். முதல் பீஸை ஓகே செய்தது நான். மெமோ வாங்கியது அந்த மெஷினிஸ்ட். அவருக்கு அப்போது என்ன காரணம் என்று தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன். ஆனால் மெமோ அவர் ஃபைலில்தான் இருந்தது. அதனால்தான் உங்கள் ஆபரேட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பதில் போடத் தோன்றியது. அவர் மேல் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: திரும்பி வந்ததில் ஐந்து பீஸ் எடுத்து மார்க்கரில் நம்பர் போடுங்க. ராத்திரி முழுக்க சர்ஃபேஸ் பிளேட் (அளப்பதற்கான தட்டை மேடை) மேல் வைத்துவிடுங்க, மைக்ரோமீட்டரையும் போர் டயலையும் பக்கத்திலேயே வையுங்க. காலை ஆறு மணிக்கு அளங்க. அதே பீஸை, அதே ஆள், அதே கேஜில் மதியம் மூன்று மணிக்கு அளக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஜீரோவைப் புதிதாக வையுங்க. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும், எண்ணை எழுதிக்கொள்ளுங்க. அப்புறம் புதிதாக ஒரு பீஸ் ஓட்டி, பீஸைப் பிடிக்கும் சக்கிலிருந்து கழற்றியதும் ஒருமுறை, 40 நிமிடம் கழித்து ஒருமுறை.

0.01 டயலில் இந்த வித்தியாசம் கண்மதிப்பாகத்தான் தெரியும். யாரிடமாவது 0.001 டயல் கடன் கிடைத்தால் உங்கள் போர் கேஜின் தலையிலேயே மாட்டலாம். பெரும்பாலும் 8 மி.மீ. தண்டுதான், பொருந்தும்.

கணபதி லேத்:

ஐயா, நன்றி. பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒருவர் 0.001 டயல் கொடுத்தார். நேற்றும் இன்றும் உட்கார்ந்து செய்தேன்.

காலை ஆறு மணி, 28 டிகிரி. மூன்றாம் நம்பர் பீஸ் (கஸ்டமர் சீட்டில் 61.996) 62.002. மதியம் மூன்று மணி, 35 டிகிரி, அதே பீஸ் 62.007. மற்ற நான்கும் இதே மாதிரி காலையில் ஐந்து மைக்ரான் குறைவு. புதிதாக ஓட்டிய பீஸ் கழற்றியதும் 62.016. 40 நிமிடம் கழித்து 62.008. கூலண்ட் டேங்க்கில் கை வைத்துப் பார்த்தேன், மதியம் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்த 38-ல் 33 மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓட்டியது. இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. ஆபரேட்டரைக் கூப்பிட்டு இரண்டு எண்களையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. ஒன்பதாம் நம்பர் என்று ஒரு பீஸ், திரும்பி வந்த லாட்டில்தான் இருந்தது. காலையில் 28 டிகிரியில் 62.010 காட்டுகிறது. கணக்குப் போட்டால் 20 டிகிரியில் 62.004, நல்ல பீஸ். ஆனால் புது 6206 பேரிங்கை வைத்தால் உள்ளே இறங்கவே இல்லை, பிடிக்கிறது. போர் டயலை எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்துவிட்டேன். எங்கே வைத்தாலும் ஒரே அளவு, ஒரு மைக்ரான்கூட மாறவில்லை. ஓவலும் இல்லை. இது எப்படி?

ஓசூர் க்யூ.சி.:

நீங்கள் எழுதிய கடைசி மூன்று வரியிலேயே விடை இருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு, ஆனால் வட்டம் இல்லை. உங்கள் போர் மூன்று மூலை ஆகியிருக்கிறது.

கவரை வெளிப்பக்கம் மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்கில் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவர் மெல்லியது, அலுமினியம். ஜா அழுத்தும் மூன்று இடத்திலும் சுவர் உள்ளே வளைகிறது. அந்த நிலையில் டூல் அதை அழகான வட்டமாகக் கடைகிறது. சக்கைத் தளர்த்தியதும் அந்த மூன்று இடமும் வெளியே திரும்புகிறது, நடுவில் உள்ள மூன்று இடம் உள்ளே நிற்கிறது. உங்கள் போர் டயல் எதிரெதிராக இரண்டு புள்ளியில் தொடும். ஒரு முனை ஜா இருந்த இடத்தில், அதாவது வெளியே போன இடத்தில் இருந்தால், எதிர் முனை சரியாக 180 டிகிரியில், இரண்டு ஜாவுக்கு நடுவில், உள்ளே வந்த இடத்தில் இருக்கும். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்துவிடும். திருப்பிக்கொண்டே இருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயம் இப்படித்தான். ஏழு பக்கம், வட்டமே கிடையாது, ஆனால் வெர்னியரில் எப்படிப் பிடித்தாலும் ஒரே அளவு காட்டும். பேரிங்கின் வெளி ரிங் மட்டும் உண்மையான வட்டம், அதனால் உள்ளே நிற்கும் மூன்று மேட்டிலும் முட்டுகிறது.

இங்கேதான் டீலர் சொன்ன மூன்று புள்ளி மைக்ரோமீட்டர் உதவும். வாங்க வேண்டாம், ஒரு நாள் கடன் வாங்குங்கள். ஜா தடம் தெரிகிற மூன்று இடத்துக்கு நேராக அதன் மூன்று முனையும் வரும்படி வைத்து ஒருமுறை, 60 டிகிரி திருப்பி ஒருமுறை. இரண்டு எண்ணும் விலகினால் நான் சொன்னதுதான். அதே கருவியை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. போர் வெறும் ஓவலாக இருந்தால் மூன்று புள்ளி அதைச் சரியாகக் காட்டாது. அதற்கு உங்களிடம் இருக்கும் இரண்டு புள்ளி போர் டயல்தான் நல்லது. எங்கள் ரூமில் மெல்லிய சுவர் பாகம் எது வந்தாலும் இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன்.

தீர்வு கேஜில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. சக் பிரஷரைக் குறையுங்கள். சாஃப்ட் ஜாவை (கடைந்துகொள்ளக்கூடிய மெத்தென்ற தாடை) கவரின் விட்டத்துக்கே கடைந்து, முடிந்தவரை சுற்றிப் பிடிக்கும்படி அகலமாக வையுங்கள். ஃபினிஷ் கட்டுக்கு முன் சக்கை ஒருமுறை தளர்த்தி லேசாகப் பிடியுங்கள். ஃபிக்ஸ்சர் செய்ய முடிந்தால் முகத்தில் அழுத்திப் பிடிப்பது இன்னும் நல்லது.

இன்னொன்று. உங்கள் டாலரன்ஸ் 0.030. கேஜ் ஆர் அண்ட் ஆர், அதாவது அளப்பதாலேயே எவ்வளவு மாறுபாடு வருகிறது என்ற சோதனை, பார்த்திருக்கிறீர்களா? பத்து பீஸ், மூன்று ஆள், ஒவ்வொருவரும் இரண்டு அல்லது மூன்று முறை. அளப்பதால் வரும் மாறுபாடு டாலரன்ஸில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 30-ஐத் தாண்டினால் அந்தக் கேஜை வைத்து முடிவெடுக்கக் கூடாது. உங்களுக்கு 10 சதவீதம் என்பது 3 மைக்ரான். 0.01 டயலில் அரைக் கோட்டைக் கண்ணால் மதிப்பிடுவதே 5 மைக்ரான் ஆகிவிடுகிறது.

பழைய டூல்ரூம்:

ஓசூர் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. மூன்று மூலை விஷயம் எனக்குத் தோன்றவில்லை, வெப்பத்திலேயே நின்றுவிட்டேன்.

தம்பி, டயல் மாற்ற வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது: 62 மி.மீ. செட்டிங் ரிங், அதாவது ஜீரோ வைப்பதற்கென்றே உள்ள, அளவு தெரிந்த வளையம். மைக்ரோமீட்டருக்குள் வைத்து ஜீரோ எடுப்பதில் எத்தனை தப்பு ஒன்றோடு ஒன்று சேருகிறது என்று பாருங்க. முதலில் மைக்ரோமீட்டரை 50 மி.மீ. ஸ்டாண்டர்டு ராடில் ஜீரோ வைப்பீங்க. அந்த ராடைக் கையில் பிடித்து ஐந்து டிகிரி சூடு ஏறினால் அதுவே 3 மைக்ரான். ராடின் நடுவில் ரப்பர் பிடி போட்டிருப்பது அதற்காகத்தான், அதை மட்டும் பிடியுங்க. பிறகு மைக்ரோமீட்டரின் ஸ்க்ரூ. பிறகு லாக் போடும்போது ஸ்பிண்டில் ஒரு நூலிழை நகரும். கடைசியில் இரண்டு தட்டையான முகத்துக்கு நடுவே போர் டயலை ஆட்டி இருபக்கமும் சின்ன அளவைத் தேட வேண்டும். அது ரிங்குக்குள் தேடுவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் ரிங்கில் போர் டயலின் சென்டரிங் பாலமே பக்கவாட்டில் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும், மேலும் கீழும் ஆட்டினால் போதும்.

அந்த ரிங்கை எஃகில் வாங்கலாம். உங்கள் வேலை அலுமினியம் மட்டும்தான் என்றால் நான் வேறு மாதிரி செய்வேன். தடித்த சுவருள்ள அலுமினிய ரிங் ஒன்றை நீங்களே கடையுங்க. சுவர் 20 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும். லேசாகப் பிடித்து போரை முடித்து, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள கேலிப்ரேஷன் ஆய்வகத்துக்கு அனுப்பி, 20 டிகிரியில் அதன் அளவு என்ன என்று சான்றிதழ் வாங்குங்க. சரியாக 62.000 வர வேண்டியதே இல்லை. 62.007 என்று வந்தாலும், அந்த எண்ணை ரிங்கின் மேலேயே எழுதி வையுங்க. மெஷின் பக்கத்திலேயே வைத்து அதில் ஜீரோ எடுத்தால், ரிங்கும் பீஸும் ஒரே உலோகம், ஒரே ரூம். இரண்டும் சேர்ந்தே நீளும். காலையா மதியமா என்ற கேள்வியே எழாது. மாஸ்டராக ஒரு நல்ல எண்ட் கவரையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். தங்கச்சி சொன்னதைப் படித்த பிறகு அது வேண்டாம் என்றாகிவிட்டது. வட்டமில்லாத மாஸ்டரில் ஜீரோ வைத்துப் பயனில்லை.

அலுமினியம் மெத்தென்ற உலோகம். போர் டயலின் முனை பட்டுப் பட்டு ரிங் தேயும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை காலையில் வேறொரு நம்பகமான அளவோடு ஒப்பிட்டுப் பாருங்க. எங்களிடம் அதற்கு ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவில் செய்த துண்டுகள்) பெட்டி இருந்தது. அதை முதன்முதலில் கையில் எடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு துண்டைப் பெட்ரோலில் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சாய்த்துத் தேய்த்து வைத்தால் ஒட்டிக்கொண்டு தூக்கினாலும் விழாது. சுவீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன் என்பவர் 1896-ல் யோசித்தது. 102 துண்டுகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை நூறில் ஒரு பங்கு மி.மீ. படியில் இருபதாயிரம் அளவுகளைக் கட்டலாம் என்று காட்டினார். 50 மி.மீ. துண்டு ஒன்றுக்கு ஜீரோ கிரேடில் அனுமதிக்கும் பிழை 0.2 மைக்ரான்தான். பட்டறைக்கு அது வேண்டியதில்லை, ஒன்று அல்லது இரண்டாம் கிரேடு போதும்.

மைக்ரோமீட்டரைச் சரிபார்க்கும்போதும் ஒன்று கவனியுங்க. 5, 10, 15 என்று முழு எண்ணில் பார்த்தால் திம்பிள் (சுற்றும் உருளை) எப்போதும் ஒரே கோட்டில்தான் வந்து நிற்கும். ஸ்க்ரூவின் பிட்ச் அரை மி.மீ., ஒரு சுற்றுக்குள் இருக்கும் தப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் ஆய்வகத்தில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று விசித்திரமான எண்களில் ஸ்லிப் வைப்பார்கள். ஒவ்வொன்றும் திம்பிளை வெவ்வேறு திசையில் நிறுத்தும்.

அப்பாவின் பழைய பிளஞ்சர் டயல் எதுவும் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. பிளஞ்சருக்கு எண்ணெய் மட்டும் விடாதீங்க, தூசி ஒட்டி முள் மந்தமாகிவிடும். மேக்னடிக் ஸ்டாண்டில் வைத்தால் கையை முடிந்தவரை குட்டையாக வையுங்க. நீண்ட கையில் மாட்டிய டயல் ஸ்டாண்டின் வளைவையும் சேர்த்துத்தான் காட்டும். விரலால் கையை லேசாக அழுத்தி விட்டால் முள் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்க, திரும்பாவிட்டால் எங்கோ ஒரு நட்டு லூஸ். சக்கில் ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்க்கப் பப்பி டயல் (நெம்புகோல் முனை உள்ள சின்ன டயல்) வைத்திருப்பீங்க. அதன் முனை, தொடும் பரப்போடு படுத்த மாதிரி இணையாக இருக்கட்டும். 30 டிகிரி சாய்ந்தால் 0.10 என்று படிப்பது உண்மையில் 0.087தான். 60 டிகிரி என்றால் பாதி. ஜாக்களைச் சமமாக்கும்போது இது பெரிதாகப் பாதிக்காது, எப்படியும் பூஜ்யத்தைத்தான் தேடுகிறோம். எண்ணை எடுத்து ரிப்போர்ட்டில் எழுதும்போதுதான் தப்பாகும்.

ரிங்குக்கு அப்புறம்தான் 0.001 டயல். முழு போர் கேஜ் புதிதாக வேண்டாம். இருக்கும் போர் கேஜின் முனைகள் தேயாமல் இருந்தால் டயலை மட்டும் மாற்றுங்க. மிச்சப்படும் பணத்தில் சாஃப்ட் ஜா செய்யுங்க.

திருமுடிவாக்கம் டர்னிங்:

ஐயா, நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போன மாதம்தான் எங்களுக்கு முதல்முறையாக அலுமினிய வேலை ஒன்று வந்திருக்கிறது, 90 மி.மீ. போர். பிளக் ஆர்டர் செய்ய இருந்தேன். 90-க்கு 15 டிகிரியில் எவ்வளவு வரும்?

பழைய டூல்ரூம்:

அலுமினியம் 31, எஃகு 15 அல்லது 16. வித்தியாசம் 15 மைக்ரானுக்கு மேல். ஆர்டர் போடும் முன் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கணபதி லேத்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

ஒன்பதாம் நம்பர் பீஸை மூன்று புள்ளி மைக்ரோமீட்டரில் பார்த்தேன். ஜா தடத்துக்கு நேராக 62.017, 60 டிகிரி திருப்பினால் 62.004. இரண்டுக்கும் 13 மைக்ரான் வித்தியாசம். பேரிங் ஏன் இறங்கவில்லை என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது அப்போதுதான். சக் பிரஷரைக் குறைத்து, அகலமான சாஃப்ட் ஜா போட்ட பிறகு அதே வித்தியாசம் 3 மைக்ரானுக்கு வந்துவிட்டது. இப்போது ஃபினிஷ் கட்டுக்கு முன் ஆபரேட்டரே தளர்த்திப் பிடிக்கிறார். ஒரு பீஸுக்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகிறது, ஆகட்டும்.

அலுமினிய ரிங் ஆய்வகத்திலிருந்து 62.011 என்று வந்தது. அதையே ரிங்கில் மார்க் செய்து வைத்துவிட்டோம். 0.001 டயல் ஒன்று மட்டும் வாங்கினேன். கஸ்டமரின் இன்ஸ்பெக்ஷன் ரூமுக்கு நானும் ஆபரேட்டரும் நேரில் போனோம். காலை, மதியம் எடுத்த எண்களை எழுதிய காகிதத்தையும் எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் பத்து பீஸை எங்கள் முன்னாலேயே அளந்தார். எங்கள் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் அதிகபட்சம் 2 மைக்ரான் வித்தியாசம். அவர் அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த 38-ல் 31 பீஸை மறுபடி லேசாக போர் செய்து சரியாக்கிவிட்டோம். ஏழு ஸ்கிராப்.

ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. ரிங்கை மெஷினின் டூல் டிரேயில் வைத்திருக்கிறோம், ஆனால் மோட்டார் பக்கம் என்பதால் டிரேயே கொஞ்சம் சூடாகிறது. பீஸ்கள் ஆறும் சர்ஃபேஸ் பிளேட் ஆறடி தள்ளி இருக்கிறது. ரிங்கை அங்கேயே மாற்றிவிடலாமா?

பழைய டூல்ரூம்:

இன்றைக்கே மாற்றுங்க தம்பி. பீஸ் எங்கே ஆறுகிறதோ ரிங்கும் அங்கே இருக்கட்டும், போர் டயலும் அங்கேயே. அளப்பதும் அந்த பிளேட் மேலேயே நடக்கட்டும். மேலே ஃபேன் காற்று நேராகப் படுகிறதா என்று மட்டும் பாருங்க. அப்படிப் படும் இடத்தில் மெல்லிய கவர் சீக்கிரம் ஆறும், தடித்த ரிங் மெதுவாகத்தான் ஆறும். ஆபரேட்டரை நான் கேட்டதாகச் சொல்லுங்க.